ஒன்பது வாசல் முரசு

எத்தனை மழைக்காலத்துக்கு முன்னால் என்று என்னைக் கேட்காதீர்கள். எண்ணிச் சொல்ல அன்றைக்கு இருந்தவர் யாரும் இன்றைக்கு இல்லை. அப்போது ஓர் இலுப்பைக் காடு இருந்தது. காட்டுக்கு நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு செம்மண் புற்று இருந்தது. புற்றுக்குள்ளே ஒரு ராஜா இருந்தார்.

புற்று என்றதும் காலைத் தூக்கிக்கொள்ள வேண்டாம். பாம்பு பிற்பாடு வந்து ஒண்டிக்கொள்கிற ஆசாமி. மண்ணை எச்சிலில் குழைத்து, அடுக்கடுக்காகப் புற்றைக் கட்டியவர்கள் கறையான்கள். நம் ராஜாவும் கறையான்தான். மண்ணாண்டார் என்று பெயர். ஊரில் இருந்த அத்தனை பேரும் அவருக்கும் ராணிக்கும் பிறந்த பிள்ளைகள். அதனால் அங்கே யாரும் ராஜாவை 'அரசே' என்று கூப்பிடுவதில்லை, 'அப்பா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்த ஊர்க்காரர்களுக்குக் கண் கிடையாது. காதும் கிடையாது. பிறகு எப்படிப் பேசினார்கள்? பக்கத்தில் இருந்தால் மீசையோடு மீசை தொட்டுப் பேசுவார்கள். ஆமாம், பெண்களுக்கும் மீசை உண்டு, சிரிக்காதீர்கள். தூரத்தில் இருந்தால்? தலையைத் தூக்கித் தரையில் அடிப்பார்கள். டொக்! அந்த அதிர்வு மண்ணுக்குள்ளே ஓடும். ஓடிப்போய் அடுத்த ஆளின் ஆறு காலிலும் ஏறும். அவர்களுக்குத் தலைதான் முரசு, கால்தான் காது.

ஊரைச் சுற்றி வட்டமாக ஒரு வீதி. வீதியில் ஒன்பது வாசல். வாசலுக்கு ஒரு முரசுக்காரர். சட்டம் ரொம்பச் சுலபம். ஒரு தட்டு என்றால் சுவரில் விரிசல், மண் கொண்டு வா. இரண்டு தட்டு என்றால் எறும்புப் படை, காவலர்கள் ஓடி வா. மூன்று தட்டு என்றால் கரடி! அவ்வளவுதான், ஒன்பது வாசலையும் மண் பூசி அடைத்துவிட வேண்டும். வெளியே யார் நின்றாலும் திறக்கக் கூடாது.

ஒரு தலையின் தட்டு அடுத்த வாசல் வரைக்கும்தான் எட்டும். ஆகவே முதல் வாசலில் அடித்ததை இரண்டாம் வாசல் கேட்டு அடிக்கும், அதை மூன்றாம் வாசல் கேட்டு அடிக்கும், இப்படியே ஒன்பதாம் வாசல் வரை போய், அங்கிருந்து மறுபடி முதல் வாசலுக்கு வரும். போன செய்தி ஊரைச் சுற்றி, அதை முதலில் அடித்தவர் காலிலேயே வந்து சேர வேண்டும். சேர்ந்தால் ஊர் முழுக்கக் கேட்டாகிவிட்டது என்று அர்த்தம். அவர் அதோடு நிறுத்திக்கொள்வார். நடுவில் எவராவது கேட்டதை அடிக்காமல் விழுங்கினால் தாடையை ஒடித்து வெளியே தள்ளிவிடுவார்கள்.

மூன்றாம் வாசலில் இருந்தவன் பெருமுழக்கன். ஊரிலேயே பெரிய தலை அவனுக்குத்தான். அவன் ஒரு தட்டு தட்டினால் கூரையிலிருந்து மண் உதிரும். அவன் அடிப்பதைக் கேட்பதற்கென்றே வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள்.

ஒன்பதாம் வாசலில் இருந்தவள் மெல்லடி. தலை சின்னது, தட்டும் மெல்லிசு. அது புல் அறுக்கப் போகிறவர்கள் வந்து போகும் வாசல். பெரிய மனிதர் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அவளுடைய தட்டைக் கேட்பதற்கென்று யாரும் வந்து நின்றதும் இல்லை.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள். காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. வானம் மூடிக் கிடந்தது. கறையானுக்கு வெயில் ஆகாது, தோல் காய்ந்து சுருண்டுவிடும். மூடிய வானம் கிடைத்தால் விடுவார்களா? முந்நூறு பேர் கூட்டமாகப் புல் அறுக்கப் புறப்பட்டார்கள். அவர்களுக்குத் தலைவி சருகி. மெல்லடிக்கு அக்கா முறை. ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் அக்காதான், அண்ணன்தான், ஆனால் வாய்க்கு வாய் தீனி கொடுத்து மெல்லடியை வளர்த்தவள் இந்தச் சருகி.

"வெயில் வர்றதுக்குள்ள வந்துருவோம். வாசல்லயே இரு" என்று மீசையைத் தொட்டுச் சொல்லிவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரம் ஆயிற்று. இலுப்பை மரத்திலிருந்து ஒரு காய்ந்த குச்சி விழுந்தது. வாசலுக்குப் பக்கத்தில் சுவர் லேசாக விரிந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டு வாய் மண் வைத்தால் மூடிவிடும். மெல்லடி தலையைத் தூக்கி ஒரு தட்டு தட்டினாள்.

டொக்.

முதல் வாசல் அதைக் கேட்டு ஒன்று அடித்தது. இரண்டாம் வாசலும் ஒன்று அடித்தது. மூன்றாம் வாசலுக்குப் போயிற்று.

பெருமுழக்கனுக்குச் சுற்றிலும் அன்றைக்கு நல்ல கூட்டம். "ஒண்ணா? இத்தனை பேரு கேக்க வந்திருக்கீங்க, இந்தத் தலைக்கு ஒண்ணு அடிச்சா மரியாதையா இருக்குமா?" என்றான். டொக், டொக்! கூட்டம் மெய்சிலிர்த்துப்போயிற்று.

நான்காம் வாசல் கேட்டபடி இரண்டு அடித்தது. ஐந்தாம் வாசலில் பதறன் இருந்தான். பேருக்கு ஏற்ற ஆள். 'ரெண்டுன்னு வருது. ஒருவேளை மூணா இருந்து எனக்குத்தான் சரியா கேக்கலியோ? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என் தலை உருளுமே. எதுக்கு வம்பு, மூணாவே அடிச்சிருவோம்!' டொக், டொக், டொக்!

ஆறாம் வாசல் மூன்று அடித்தது. ஏழாம் வாசலில் துள்ளன். பிறந்த நாளிலிருந்து கரடிச் செய்தி எப்போது வரும் என்று காத்திருந்தவன். மூன்று கேட்டதுமே தலைகால் புரியவில்லை அவனுக்கு. எட்டாம் வாசல் சுவரே ஆடும்படி மூன்று அடித்தான்.

ஊர் அல்லோலகல்லோலப்பட்டது! இரண்டு தட்டு கேட்ட காவலர்கள் 'எறும்பு, எறும்பு' என்று இந்தப் பக்கம் ஓடி வந்தார்கள். மூன்று தட்டு கேட்ட வேலையாட்கள் 'கரடி, கரடி' என்று அந்தப் பக்கம் ஓடினார்கள். நடு வீதியில் இரண்டு கூட்டமும் முட்டிக்கொண்டு விழுந்தன. முட்டைகளைத் தூக்கிக்கொண்டு தாதிகள் கீழ் அறைகளுக்கு இறங்கினார்கள். ராணியின் அறையை அடைக்க மண் குழைத்தார்கள்.

மெல்லடி தன் ஒரு தட்டு திரும்பி வரும் என்று காத்துக்கொண்டிருந்தாள். வந்தது.

டொக்! டொக்! டொக்!

கரடியா? அக்கா வெளியே இருக்கிறாளே!

அதற்குள் மண் பூசுகிறவர்கள் நாற்பது பேர் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு மேஸ்திரி சுவரண்ணன். சட்டத்தைத் தவிர எதுவும் தெரியாத ஆள், ஆனால் கெட்டவன் இல்லை.

"தள்ளும்மா. மூணு அடிச்சாச்சு, அடைச்சாகணும்."

"அண்ணே, முந்நூறு பேரு வெளியே இருக்காங்க."

"தெரியும். எனக்கும் கூடப்பிறந்தவங்கதான். சட்டம் அப்படி. நீ முதல்ல முரசை அடி. அடுத்த வாசலுக்குச் சொல்லு."

மெல்லடி தலையைத் தூக்கினாள். தூக்கிய தலை அப்படியே நின்றது.

நான் அனுப்பிய ஒன்று எங்கே?

நீங்களே யோசித்துப் பாருங்கள். அவள் ஒன்று அனுப்பினாள். அது திரும்பி வர வேண்டும். வரவில்லை. அனுப்பாத மூன்று வந்து நிற்கிறது. கரடிச் செய்தி தனியாக வந்திருந்தால், முன்னாலேயோ பின்னாலேயோ அந்த ஒன்றும் வந்திருக்க வேண்டாமா? மெல்லடி ஆறு காலையும் அகட்டி வைத்துக் காத்திருந்தாள். ஒன்று வரவே இல்லை. அப்போது அவளுக்குப் பொறி தட்டியது. ஐயோ, இது என் ஒன்றாக இருந்தால்?

தூக்கிய தலையை மெல்ல இறக்கினாள். தரையில் படாமல் இறக்கினாள்.

அவள் அடிக்கவில்லை.

முதல் வாசலுக்கு மூன்று போகவில்லை. அங்கே போகாததால் இரண்டாம் வாசலுக்கும் போகவில்லை. சுற்றிச் சுற்றிப் பெருகியிருக்க வேண்டிய முரசு அந்தச் சின்னத் தலையில் வந்து நின்றுபோயிற்று.

சுவரண்ணன் அவள் பக்கம் பாய்ந்து வந்தான். "பைத்தியமா உனக்கு? தாடையை ஒடிச்சிருவாங்க!"

"ஒடிக்கட்டும்ணே. எனக்குச் சந்தேகமா இருக்கு."

"சந்தேகப்படறதுக்கு நீ யாரு? அத்தனை வாசலும் அடிச்சிருக்கு!"

வெளியே மேகம் விலகியது. வெயில் அடித்தது, சுள்ளென்று. மண் வழியாகச் சருகியின் தட்டு வந்தது. அவசரமான தட்டு. வந்துகொண்டிருக்கிறோம், வாசலைத் திறந்து வை! வாசலில் நின்றவர்கள் எல்லார் காலிலும் அது ஏறியது.

சுவரண்ணன் ஒரு வாய் மண்ணை எடுத்தான். மெல்லடி ஓடிப்போய் வாசல் துளைக்குள் தன் தலையைச் செருகிக்கொண்டாள். பின்னால் கால் மட்டும் தெரிந்தது.

"அடைக்கணும்னா என் தலையையும் சேத்து அடைங்க. இல்லேன்னா ஒரே ஒரு சோதனைக்கு இடம் குடுங்க."

"என்ன சோதனை?"

"உங்க எல்லாரு காலும் சாட்சி. நான் ஒண்ணு அடிக்கறேன். வேற எதுவும் அடிக்கல. அது சுத்தி வரட்டும். ஒண்ணாவே வந்தா நானே மண் எடுத்துக் குடுக்கறேன், அடைச்சிருங்க."

சுவரண்ணன் யோசித்தான். அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வாயிலிருந்த மண்ணைக் கீழே வைத்தான். "சீக்கிரம் அடி!"

மெல்லடி தலையை உருவிக்கொண்டு வந்து அடித்தாள்.

டொக்.

நாற்பது பேரும் காலை மண்ணில் அழுத்திக்கொண்டு நின்றார்கள். முதல் வாசல் போயிருக்கும். மூன்றாம் வாசல் போயிருக்கும். வெளியே சருகியின் தட்டு சோர்ந்து, விட்டு விட்டு வந்தது. ஐந்தாம் வாசல். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் நெடுநேரம் ஆயிற்று. ஏழாம் வாசல். சீக்கிரம் வா, சீக்கிரம் வா, என்று மெல்லடி தன் தட்டையே வேண்டிக்கொண்டாள்.

வந்துவிட்டது!

டொக்! டொக்! டொக்! டொக்!

"நாலு!" என்று கத்தினான் சுவரண்ணன். "நாலுக்கு என்ன சட்டம்? நாலுக்குச் சட்டமே கிடையாதேம்மா!"

"நான் எத்தனை அடிச்சேன்ணே?"

"ஒண்ணு! சத்தியமா ஒண்ணு! டேய், மண்ணைக் கீழ போடுங்கடா! வாசலை அகலமா வெட்டுங்கடா!"

அடைக்க வந்த நாற்பது பேரும் வாசலைப் பெரிதாக்கினார்கள். சுவரண்ணனே வெளியே ஓடினான். ஒருவர் காலை ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டு புல் அறுத்தவர்கள் உள்ளே வந்து விழுந்தார்கள். பத்துப் பேர், ஐம்பது பேர், இருநூறு பேர்! ஈர மண்ணில் புரண்டு மூச்சு வாங்கினார்கள். கடைசியாகச் சருகி வந்தாள், வாயில் ஒரு தங்கச்சியைக் கவ்விக்கொண்டு. மெல்லடி ஓடிப்போய் அவள் வாயில் நீர் கொடுத்தாள்.

ஆனால் எட்டுப் பேர் வரவில்லை. வாசலுக்கு ஒரு முழம் தூரத்தில் காய்ந்து கிடந்தார்கள்.

மண்ணாண்டார் சபையைக் கூட்டினார். ஒன்பது முரசுக்காரர்களையும் வரவழைத்தார். கரடியை முதலில் அறிந்தது யார் என்று கேட்டார். நான் இல்லை, நான் இல்லை என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கேட்டதைக் கேட்டபடி அடித்தீர்களா என்று கேட்டார். அங்கேதான் மூன்று பேர் முன்னால் வந்தார்கள்.

"ஒண்ணுதாம்ப்பா கூட்டினேன். ஒரு கம்பீரத்துக்கு" என்றான் பெருமுழக்கன்.

"நானும் ஒண்ணுதாம்ப்பா. ஒரு பாதுகாப்புக்கு" என்றான் பதறன்.

"ரெண்டாவது சுத்துல நானும் ஒண்ணு கூட்டிட்டேம்ப்பா. சந்தோஷத்துல" என்றான் துள்ளன்.

ராஜா சொன்னார்: "காட்டிலே கரடி இல்லை. நீங்கள் ஆளுக்கு ஒன்று போட்டுச் செய்த கரடி அது. நீங்கள் கூட்டியது ஒவ்வொன்று. எனக்குக் குறைந்துபோனதோ எட்டுப் பிள்ளைகள்."

ராஜா தீர்ப்புச் சொன்னார்.

"அந்த எட்டுப் பேரையும் நீங்கள் மூவரும் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அவரவர் வாசலுக்கு அடியிலேயே புதைக்க வேண்டும். புதைத்த மண்மேல் நின்றுதான் இனி முரசு அடிக்க வேண்டும். வேறு தண்டனை இல்லை."

அப்புறம் மெல்லடியைக் கூப்பிட்டார். "நீயும் சட்டத்தை மீறினாய் அம்மா. கேட்டதை விழுங்கினாய்."

"ஆமாம்ப்பா. மீறினேன். தாடையை ஒடிங்க."

"உன் தாடையை ஒடித்தால் எனக்கு இந்தப் புல் அறுப்பவர்கள் சோறு போட மாட்டார்கள்" என்றார் ராஜா. சபை சிரித்தது. "இன்று முதல் சட்டத்தில் ஒன்று சேருகிறது. ஐயம் வந்தால் எந்த வாசலும் நிறுத்தலாம், திருப்பிக் கேட்கலாம்."

பெருமுழக்கன் அன்றைக்கு மூன்று பேரைத் தன் வாயால் சுமந்து வந்தான். காய்ந்த உடம்புகளுக்குக் கனமே இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. வாசலுக்கு அடியில் புதைத்துவிட்டு அழுதான். அதற்கப்புறம் அவனுடைய முரசைக் கேட்கக் கூட்டம் வந்தால் போகச் சொல்லிவிடுவான்.

மழை போயிற்று, பனி போயிற்று, பங்குனி வந்தது. இலுப்பைப் பூ உதிர்ந்தது. காடெல்லாம் தித்திப்பு வாசனை. அந்த வாசனைக்கு யார் வருவார்கள்? கரடிதான் வரும்! நிஜக் கரடி, கறுப்பு மயிரும் கொக்கி நகமுமாக. பூவைத் தின்றது, தின்றது, அலுத்துப்போயிற்று. புற்றைப் பார்த்தது. நேரே மூன்றாம் வாசலுக்கு வந்து நகத்தைப் போட்டது.

டொக்! டொக்! டொக்!

நான்காம் வாசல் மூன்று. பதறன் மூன்று. துள்ளன் துள்ளவில்லை, மூன்று. ஒன்பதாம் வாசலில் மெல்லடியின் காலில் மூன்று ஏறியது. இந்தத் தடவை அவள் யோசிக்கவே இல்லை. அவள் எதையும் அனுப்பியிருக்கவில்லை, வெளியேயும் அன்றைக்கு யாரும் இல்லை. சின்னத் தலையைத் தூக்கினாள், மூன்று அடித்தாள்.

அடேயப்பா, என்ன வேகம்! யாரும் யாரையும் முட்டவில்லை. தாதிகள் முட்டையோடு கீழே போனார்கள். நகம் பெயர்க்கும் அதிர்வு வந்த மூன்றாம் வாசலுக்குக் காவலர்கள் போனார்கள். சுவரண்ணன் ராணியின் அறையை மூச்சுவிடும் நேரத்தில் பூசிவிட்டான். பெருமுழக்கன் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. நகம் கூரையைப் பெயர்க்கப் பெயர்க்க அடித்துக்கொண்டே இருந்தான். மூன்று. மறுபடி மூன்று. மறுபடி மூன்று. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

கரடி ஓட்டையில் வாயை வைத்து உறிஞ்சியது. மண்தான் வந்தது. ஊர் முழுக்க உள்ளே போய் அடைத்துக்கொண்டாகிவிட்டது. இன்னொரு தடவை நகத்தால் வாரியது. மூன்றாம் வாசல் முரசு நின்றுபோயிற்று.

கரடி தும்மிவிட்டு, மறுபடியும் பூ பொறுக்கப் போய்விட்டது.

மெல்லடி காலை மண்ணில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. ஊரே காத்திருந்தது. ஆறு காலையும் இன்னும் அழுத்தி வைத்தாள். அந்தத் தடித்தலையன்மேல் தனக்கு இவ்வளவு பாசமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அப்போது எட்டாம் வாசலிலிருந்து வந்தது.

டொக்.

ஒன்று! இடிந்திருப்பது மூன்றாம் வாசல் சுவர்தானே, அங்கேதான் விரிசல், மண் கொண்டு வாருங்கள்! கரடி போய்விட்டது, அவன் உயிரோடு இருக்கிறான்! நான்காம் வாசல்காரன் பிற்பாடு சொன்னான், அவனுடைய தலை பிளந்திருந்ததாம், தட்டு கேட்கவே இல்லையாம், நெஞ்சைத் தரையில் ஒட்டிக்கொண்டுதான் கேட்டானாம். ஊரிலேயே பெரிய முரசு ஊரிலேயே சின்னத் தட்டாக வந்தது. அதை ஒருவரும் பெரிதாக்கவில்லை, ஒருவரும் தவறவிடவில்லை.

மெல்லடிக்கு வந்த சந்தோஷத்துக்குப் பத்து அடித்திருக்கலாம். நூறு அடித்திருக்கலாம். ஆறு காலும் குதித்தன அவளுக்கு. அவள் தலையைத் தூக்கினாள்.

டொக்.

ஒன்றே ஒன்று அடித்தாள். ஒன்பது வாசலிலிருந்தும் மண் எடுத்துக்கொண்டு ஊரே மூன்றாம் வாசலுக்கு ஓடியது.

ஆகையால் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களே, பெருமைக்கும் பயத்துக்கும் குஷிக்கும் ஒன்றைக்கூடக் கூட்டாமல், கேட்ட செய்தியைக் கேட்டபடியே சொல்லுகிறவர்களால்தான் ஊர் பிழைக்கிறது.